செயற்கைப் பார்வையும் வெள்ளைக் கோலும்: நெல்லையில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு இருப்பது ரெட்டினிடிஸ் பிக்மென்டோசா, சுருக்கமாக ஆர்.பி.; கண்ணுக்குள் ஒளியை வாங்கும் படலமான விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போகும் நோய். பள்ளிக்கூடம் போகும்போதே ராத்திரித் தடுமாற்றம் தொடங்கிவிட்டது. கல்லூரி முடிக்கையில் குழாய்க்குள் பார்ப்பதுபோல் பார்வை சுருங்கியது. முப்பத்தெட்டு வயதில், வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும் மிச்சம். வீடு பாளையங்கோட்டை, வேலை திருநெல்வேலி டவுன். தினமும் பஸ், ஆற்றுப் பாலம், அப்புறம் மூடி இல்லாத சாக்கடைகள். பஸ் ஸ்டாப்பிலும் கல்யாண வீட்டிலும் போனிலும் என்னிடம் கேட்டவைதான் கீழே உள்ளவை. பலவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

“செயற்கைக் கண்ணு வந்துட்டாம்லா அண்ணாச்சி? வச்சா பார்வை வந்துருமா?”

இந்த ஒரு கேள்விக்குள் நாலு சங்கதி கலந்து கிடக்கிறது.

கண்ணை எடுத்துவிட்ட குழியில் முக அழகுக்காக வைப்பது ஒன்று. அதையும் செயற்கைக் கண் என்றுதான் சொல்வார்கள். அதில் பார்வை கிடையாது. இரண்டாவது கண்தானம். இறந்தவரின் கண்ணிலிருந்து எடுத்துப் பொருத்துவது முன்பக்கக் கண்ணாடிபோல இருக்கும் கருவிழியை மட்டும்தான். கருவிழி வெண்மையாகிப் பார்வை போனவருக்கு அது பெரிய வரம். என்னைப்போல் உள்ளே விழித்திரை கெட்டவருக்கு அதனால் பயன் இல்லை. முழுக் கண்ணையும் மாற்றிப் பார்வை கொடுப்பது இன்றுவரை நடக்கவில்லை.

மூன்றாவது, விழித்திரையிலோ மூளையிலோ பதிக்கும் சில்லு. நாலாவது, உடம்புக்கு வெளியே மாட்டிக்கொள்ளும் கருவிகள்: கேமரா வைத்த கண்ணாடி, அதிரும் குச்சி, பேசும் போன். நம் ஊரில் இன்றைக்கே கைக்கு எட்டுவது இந்த நாலாவது வகை. பத்திரிகையில் படம் போட்டு வருவது மூன்றாவது வகை.

சில்லு வைத்தவர்கள் நிஜமாகவே பார்த்தார்களா?

பார்த்தார்கள். ஆனால் நீங்கள் நினைக்கும் பார்வையாக அது இல்லை.

அதிகம் பேருக்குப் பொருத்தப்பட்டது அமெரிக்காவின் செகண்ட் சைட் நிறுவனம் செய்த ஆர்கஸ் 2. என்னுடைய ஆர்.பி. நோய்க்காகவே செய்தது என்பதால் அதன் கதையை ரொம்ப நாள் விடாமல் பின்தொடர்ந்தேன். கறுப்புக் கண்ணாடியின் நடுவில் கேமரா. அது எடுக்கும் படம் இடுப்பில் மாட்டிய பெட்டிக்குப் போகும். பெட்டி அதைச் சுருக்கி, கம்பியில்லாமல் கண்ணுக்குள் இருக்கும் சில்லுக்கு அனுப்பும். சில்லில் 60 மின்முனைகள். போனில் நீங்கள் எடுக்கும் ஒரு படத்தில் பல லட்சம் புள்ளிகள் இருக்கும். இதில் மொத்தமே 60. விழித்திரையில் மிச்சமிருக்கும் நரம்புச் செல்களை அவை மின்சாரத்தால் தட்டும். மூளைக்கு ஒளிப்பொட்டு தெரியும். கதவு எங்கே, ஜன்னல் எங்கே, சாலையில் வெள்ளைக்கோடு எங்கே என்று மாதக்கணக்கில் பழகினால் பிடிபடும். முகம் தெரியாது.

ஐரோப்பாவில் 2011இலும் அமெரிக்காவில் 2013இலும் இதற்கு அனுமதி கிடைத்தது. விலை சுமார் ஒன்றரை லட்சம் டாலர். உலகம் முழுக்க 350 பேருக்கு மேல் பொருத்திக்கொண்டார்கள். 2019இல் நிறுவனம் இதைச் செய்வதையே நிறுத்தியது. அடுத்த வருடம் பணம் வற்றி, ஆட்களில் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்பியது. கண்ணுக்குள் சில்லு இருக்கிறது. பெட்டி பழுதானால் பார்க்க ஆள் இல்லை. ஒருவருக்கு மறுபடி இருள். இன்னும் சிலருக்கு, சில்லு இருப்பதால் ஸ்கேன் எடுப்பதில் சிக்கல். பிறகு அந்த நிறுவனம் வேறொன்றோடு இணைந்து பெயரும் மாறிப்போனது.

மிக்ஸி கம்பெனி மூடினால் வேறு மிக்ஸி வாங்கலாம். விழித்திரையில் ஆணி அடித்து வைத்ததை என்ன செய்ய? இப்போது யாராவது புதுச் சில்லைப் பற்றிச் சொன்னால், எத்தனை புள்ளி என்று கேட்பதற்கு முன் ‘பத்து வருடம் கழித்து இதை யார் பார்ப்பார்கள்?’ என்றுதான் கேட்கிறேன்.

போன வருசம் ஏதோ புதுச் சில்லு, அதுல படிக்கவே செய்தாங்கன்னு செய்தி வந்துதே?

அதன் பெயர் பிரைமா. 2025 அக்டோபரில் முடிவுகள் வெளியாயின. 2 மில்லிமீட்டர் சதுரம், 378 புள்ளிகள். அதற்குள் போகும் கம்பியும் இல்லை, பேட்டரியும் இல்லை. கண்ணாடியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி படத்தைச் சுமந்து சில்லின்மேல் விழுகிறது. கூரை மேலிருக்கும் சோலார் தகடுபோல அந்த ஒளியிலேயே சில்லு வேலை செய்கிறது. ஐரோப்பாவில் 38 பேருக்கு வைத்தார்கள். ஒரு வருடம் முடித்த 32 பேரில் பெரும்பாலோர் எழுத்துகளைப் படித்தார்கள். உண்மையிலேயே பெரிய காரியம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இது வயதானபின் விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துபோகும் நோய்க்கானது. அவர்களுக்கு ஓரப்பார்வை ஏற்கெனவே இருக்கும். நடப்பதைவிட வாசிப்பதுதான் அவர்களுக்குப் பாடு. எனக்கு நடந்தது நேர் எதிர். முதலில் ஓரம் போனது, நடு கடைசியில் போனது. ‘பார்வையற்றவருக்குச் சில்லு’ என்று மொத்தமாகத் தலைப்புப் போட்டால், எந்த நோய்க்கு, கண்ணின் எந்தப் பகுதிக்கு என்பதை உள்ளே தேடிப் பாருங்கள். 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மரபணு ஊசி மருந்தான லக்ஸ்டர்னாவும் அப்படித்தான். ஆர்.பி.இ.65 என்ற ஒரே ஒரு மரபணுவில் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் அது. அறிமுகமானபோது இரண்டு கண்ணுக்கும் சேர்த்து விலை எட்டரை லட்சம் டாலர்.

நேரா மூளையிலயே வைக்கலாமாமே?

புது யோசனை இல்லை. இங்கிலாந்தில் ஜைல்ஸ் பிரிண்ட்லி 1968லேயே பார்வையிழந்த ஒரு பெண்ணின் மூளைமேல் 80 மின்முனைகள் வைத்து ஒளிப்பொட்டு தெரிய வைத்தார். இலான் மஸ்க்கின் நியூராலிங்க் செய்யும் பிளைண்ட்சைட் கருவிக்கு 2024 செப்டம்பரில், மருந்துக்கும் கருவிக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. ‘திருப்புமுனைக் கருவி’ என்ற தகுதி கொடுத்தது. பரிசீலனையில் முன்னுரிமை என்பதுதான் அதற்கு அர்த்தம். விற்கலாம் என்ற அனுமதி வேறு.

காதாலும் நாக்காலும் பார்க்கிறதாச் சொல்றாங்களே, கட்டுக்கதைதானே?

இல்லை. எனக்கு இந்தத் துறையிலேயே பிடித்த பகுதி இதுதான்.

1969இல் பால் பாக்-இ-ரிட்டா என்ற அமெரிக்க மருத்துவர், பல் டாக்டரிடம் இருக்கும் சாய்வு நாற்காலி ஒன்றில் 400 அதிர்முனைகளைப் பதித்தார். கேமரா எதிரே உள்ளதை எடுக்கும், அதே வடிவம் முதுகில் அதிரும். கண் தெரியாதவர்கள் அதில் சாய்ந்து, கேமராவைத் தாங்களே திருப்பித் திருப்பிப் பழகியபின், முதுகில் குறுகுறுப்பதை மறந்துவிட்டு ‘எதிரே நாற்காலி, அங்கே போன்’ என்று சொல்லத் தொடங்கினார்கள். அந்த வழியில் வந்ததுதான் நாக்கில் வைக்கும் பிரெய்ன்போர்ட். அமெரிக்காவில் அதற்கு 2015இல் அனுமதி. வாயில் ஒன்றைக் கவ்விக்கொண்டே வண்ணார்பேட்டையில் யாரிடமாவது வழி கேட்பதை நினைத்துப் பார்த்தேன், சரிப்படாது.

காதுக்கு வருவோம். நெதர்லாந்தின் பீட்டர் மெய்யர் 1992இல் வெளியிட்ட முறை, இப்போது ‘தி வாய்ஸ்’ என்ற பெயரில் ஆண்ட்ராய்டில் இலவசமாகவே கிடைக்கிறது. கேமரா படத்தை இடமிருந்து வலமாக நொடிக்கு ஒருமுறை தடவிக்கொண்டே போகும். மேலே இருப்பது கீச்சுக்குரல், கீழே இருப்பது கனத்த குரல். பளிச்சென்று இருப்பது சத்தமாக, மங்கலாக இருப்பது மெதுவாகக் கேட்கும். நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்களில் ஒரே கல்லில் கடைந்த ஒவ்வொரு சிறுதூணும் ஒரு சுருதி பேசுமே, அப்படி ஒரு படமே சுருதியாகிக் காதில் விழும்.

நான் மூன்று மாதம் வீட்டுக்குள் பழகினேன். ஜன்னல் பிடிபட்டது. வெள்ளைச் சுவரில் கறுப்புக் கதவு பிடிபட்டது. ரத வீதியில் இறங்கினேன். கொத்துப் புரோட்டாக் கல்லின் தாளம், லோடு ஆட்டோ ஹாரன், பூக்காரம்மா குரல் எல்லாவற்றோடும் இந்தக் கீச்சுக் கீச்சும் சேர்ந்ததும் தலை சுற்றி, பக்கத்துக் கடைத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். பழகியவர்கள் இருக்கிறார்கள், அவர்களை நான் மதிக்கிறேன்.

ஸ்மார்ட் கேன் வாங்கலாமா?

அதிரும் கைத்தடி. டெல்லி ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் எம்.பாலகிருஷ்ணன் குழு உருவாக்கி, சென்னை ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் தயாரித்து 2014இல் வெளிவந்தது. வெளிநாட்டுக் கருவிகளோடு பார்த்தால் விலை பல மடங்கு குறைவு. சாதாரண மடக்குக் கோலின் கைப்பிடியில் ஒரு சின்னப் பெட்டி. அது நம் காதுக்குக் கேட்காத ஒலியை முன்னால் விடும். திரும்பிவரும் எதிரொலியை வைத்துத் தூரத்தைக் கணக்கிடும். வௌவால் செய்வதைத்தான் செய்கிறது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 3 மீட்டர் தூரத்துத் தூணில் பட்டுத் திரும்ப, நொடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் 18 பங்கு நேரம். எதிரே உள்ள பொருள் நெருங்க நெருங்கக் கைப்பிடியின் அதிர்வு மாறும்.

இதன் உண்மையான பலம் முழங்காலுக்கு மேலே இருக்கும் பொருள்கள். லாரியின் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி, கடைக்காரர் இறக்கிவிட்ட தகரக் கூரை, பாதி திறந்த ஷட்டர், தொங்கும் வேப்பங்கிளை. சாதாரணக் கோல் இவற்றுக்கு அடியில் சுகமாகப் போய்விடும், நெற்றிதான் கண்டுபிடிக்கும். என் நெற்றியில் இருக்கும் மூன்று தழும்பும் அந்தக் கணக்குத்தான்.

பலவீனத்தையும் கேளுங்கள். பள்ளத்தை அந்தப் பெட்டி சொல்லாது. பள்ளம் கோலின் நுனிக்கு உரியது. சாய்வான வழுக்குப் பரப்பில் பட்ட ஒலி வேறு பக்கம் தெறித்துப் போய்விடும். துணி மூட்டை ஒலியை விழுங்கிவிடும். ஆனித் தேரோட்டத்தன்று டவுனுக்குள் கொண்டுபோனால் பொழுதெல்லாம் அதிர்ந்துகொண்டே இருக்கும், எதற்கு என்று தெரியாது. அணைத்துவிட்டு வெறும் கோலாக வைத்துக்கொள்ளலாம். அந்த வசதி இருப்பதே நல்லது. வாங்கலாம். ஆனால் முதலில் வெறும் கோலில் நடக்கத் தெரிந்தபின்.

வெறும் குச்சியில அப்படி என்ன படிக்கக் கிடக்கு? தட்டிக்கிட்டே போறதுதானே?

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. முதல் வருடம் கோலை வாள்போல வீசிக்கொண்டு போனேன், பாவம் எத்தனை பேர் கணுக்காலில் அடி வாங்கினார்களோ.

வெள்ளை நிறம் 1921இல் வந்தது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் ஊரில் விபத்தில் பார்வையிழந்த ஜேம்ஸ் பிக்ஸ், வண்டிகளுக்குத் தன்னைத் தெரியவேண்டும் என்று கைத்தடிக்கு வெள்ளை பூசினார். அதுவரை கோல் வெறும் ஊன்றுகோல். அதை நீளமாக்கி, பாதையைத் துழாவும் கருவியாக்கியது இரண்டாம் உலகப்போரில் கண்ணிழந்த சிப்பாய்களுக்குப் பயிற்சி கொடுத்த அமெரிக்கர் ரிச்சர்ட் ஹூவர். இன்றும் நாங்கள் நடப்பது அவர் முறையில்தான்.

உயரம்: நிமிர்ந்து நின்றால் கோல் நெஞ்செலும்பு வரை வரவேண்டும். கை தொப்புளுக்கு நேரே. மணிக்கட்டு மட்டும் அசைய, தோள் அகலத்துக்குச் சற்றே கூடுதலாக வில்போல் இடமும் வலமும். இடது கால் முன்னே போகும்போது நுனி வலது பக்கம் இருக்கும். அதாவது அடுத்துக் கால் வைக்கப்போகும் இடத்தை நுனி முன்கூட்டியே தொட்டுவிடும். இது கைவந்தால் கோல் தகவல் சொல்லும். சிமெண்டில் ஒரு சத்தம், தாரில் ஒன்று, சாக்கடை மூடியில் ‘டங்’கென்று பொள்ளல் சத்தம். சத்தமே வராமல் நுனி இறங்கினால் காலை நிறுத்து.

இதைச் செய்யும் எலெக்ட்ரானிக் கருவியை நான் இன்னும் தொட்டுப் பார்க்கவில்லை. ஒரு சாயங்காலம் பரிசோதனைக்காகக் கேமராவை நீட்டி, முன்னால் என்ன இருக்கிறது என்று ஒரு ஏஐ ஆப்பிடம் கேட்டேன். “கடை வாசலில் கறுப்பு மிதியடி விரித்திருக்கிறது” என்றது. கோலை வைத்தேன், அரை முழம் உள்ளே போனது. மூடி இல்லாத சாக்கடை. நல்ல குரல், திருத்தமான தமிழ் உச்சரிப்பு, அதிலெல்லாம் குறை சொல்ல முடியாது.

அப்போ செல்போன் எதுக்குத்தான் உதவும்?

நின்று செய்கிற வேலைகளுக்கெல்லாம் உதவும். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் டாக்பேக், ஆண்ட்ராய்டில் உள்ளேயே இருக்கிறது. தமிழ்க் குரலும் உண்டு. அதைப் பழகாமல் வேறு எந்த ஆப்பும் இறக்கிப் பயனில்லை. மைக்ரோசாஃப்டின் சீயிங் ஏஐ 2017இல் ஐபோனுக்கு வந்தது, 2023 கடைசியில் ஆண்ட்ராய்டுக்கும் வந்தது. அச்செழுத்து வாசிக்கும், ரூபாய் நோட்டுச் சொல்லும், படத்தை விவரிக்கும். டென்மார்க்கில் தொடங்கிய பி மை ஐஸ் 2015 முதல் இருக்கிறது. வீடியோவில் ஒரு தன்னார்வலர் வந்து உங்கள் கேமரா வழியே பார்த்துச் சொல்வார். 2023 முதல் அதிலேயே ஏஐ விவரிப்பும் உண்டு. சாலை கடக்க அதை நம்பவேண்டாம் என்று அவர்களே எச்சரிக்கிறார்கள். இதே சேவை இப்போது கேமரா வைத்த ரே-பேன் மெட்டா கண்ணாடியிலும் வருவதால், போனை நீட்டிப் பிடிக்காமல் இரண்டு கையும் ஓய்வாக இருக்கும். பேசும் கண்ணாடிகளில் இஸ்ரேலின் ஆர்காம் முன்னோடி. எல்லாம் வாசிக்கவும் அடையாளம் சொல்லவும் நல்லவை.

பஸ் போர்டு வாசிக்குமா என்று கேட்பார்கள். நிற்கும் பஸ் என்றால் வாசிக்கும். படம் எடுத்து, நெட்டுக்குப் போய், பதில் வருவதற்குள் நம் ஊர் தனியார் டவுன் பஸ் அடுத்த ஸ்டாப்பில் நிற்கும். “ஜங்ஷன் ஜங்ஷன் டவுன் டவுனே” என்று படிக்கட்டில் தொங்கிக்கொண்டு கத்துகிற கண்டக்டர் தம்பிதான் இன்றுவரை சிறந்த பேச்சுத் தொழில்நுட்பம். கத்தாத பஸ்களில்தான் எனக்குத் தொல்லை.

கூகுள் மேப் வழி சொல்லுமே?

சொல்லும். ஆனால் திறந்த வானத்துக்கு அடியிலேயே போனின் ஜி.பி.எஸ். சுமார் 5 மீட்டர் பிசகும். காரில் போகிறவருக்கு 5 மீட்டர் ஒன்றுமில்லை. எனக்கு அது சாலையின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்ற கேள்வி. மாடிக் கட்டடங்கள் நெருங்கிய சந்துகளில் பிசகு இன்னும் கூடும்.

ஆகவே ஊர் தெரிந்த இடத்தில் ஊரையே மேப்பாக வைத்திருக்கிறேன். பாளையிலிருந்து ஏறினால் வண்ணார்பேட்டையில் பஸ் வளையும். பிறகு ஜன்னல் வழியே திடீரென்று குளிர்ந்த காற்று, எதிரொலி இல்லாத வெளி: சுலோச்சன முதலியார் பாலம், தாமிரபரணிக்கு மேலே. 1843இல் திறந்த பாலம், இன்றைக்கும் எனக்கு முதல் அடையாளம் அதுதான். அப்புறம் ஜங்ஷன் இரைச்சல். ஈரடுக்குப் பாலத்தில் இன்ஜின் முனகிக்கொண்டு ஏறும், இறங்கும். ஆர்ச் ஸ்டாப். இறங்கி நடந்தால் கோயில் வாசலுக்கு முன்பே நெய் மணம் வரும். சாயங்காலம் என்றால் அல்வாவுக்கு நிற்கும் வரிசையின் சத்தமும் சேரும். புது ஊருக்குப் போனால்தான் மேப் எனக்குக் கடவுள்.

காதுல ஹெட்போன் மாட்டிக்கிட்டு நடக்கலாமா?

இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு நடக்கவே கூடாது. கன்னத்தெலும்பு வழியே ஒலி கடத்தும் ஹெட்போன் கிடைக்கிறது. காது திறந்தே இருக்கும். அது இல்லையா, ஒரு காதில் மட்டும். வண்டி வராத பக்கத்துக் காது.

கூடவே ஒரு புதுப் பயம், மின்சார ஸ்கூட்டர். பெட்ரோல் வண்டி தெருமுனையிலேயே தெரிந்துவிடும். இது பக்கத்தில் வந்து உரசும்போதுதான் தெரியும். ஐரோப்பாவில் 2019 ஜூலையிலிருந்து புது மின்சார கார் மாடல்கள் மெதுவாகப் போகும்போது செயற்கையாக ஒலி எழுப்பியாகவேண்டும். அந்த விதியும் காருக்குத்தான். நம் தெருவில் ஓடுவதெல்லாம் இரண்டு சக்கரம்.

ஸ்டேஷன்ல மஞ்சக் கலர்ல புள்ளி புள்ளியா ஓடு போட்டிருக்கே, அது என்னத்துக்கு?

எங்களுக்காக. ஜப்பானில் செய்இச்சி மியாகே 1965இல் கண்டுபிடித்து, 1967இல் ஒகயாமா நகரில் முதன்முதலில் பதித்தார். நீளக் கோடு இருந்தால் ‘போகலாம்’, புள்ளி இருந்தால் ‘நில், முன்னால் ஏதோ இருக்கிறது’. நடைமேடையில் புள்ளி ஓட்டுக்கு அந்தப்புறம் தண்டவாளம். அதன்மேல் பனங்கிழங்கு மூட்டையை வைத்துவிட்டு உட்கார்ந்து கதை பேசுகிறவர்களிடம் சண்டை போட எனக்கு மனசில்லை. “ஆச்சி, கொஞ்சம் தள்ளி வைங்க, இது எங்க ரோடு” என்பேன். சிரித்துக்கொண்டே தள்ளி வைப்பார்கள்.

எங்க அப்பாவுக்கு எழுபது வயசு. பார்வை மங்குது, தட்டித் தடுமாறி நடக்காக. இந்தக் கண்ணாடி ஒண்ணு வாங்கிக் கொடுக்கலாமா?

வேண்டாம். முதலில் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். இந்தக் கேள்வியைக் கேட்ட ஒரு மதினியிடம் நான் கோபமாகவே பேசிவிட்டேன், ஏனென்றால் அவர் அப்பாவைக் கடைசியாகக் கண் டாக்டர் பார்த்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

இந்த வயதில் மங்கலுக்குப் பெரும்பாலும் காரணம் புரை. அதைச் சின்ன அறுவைச் சிகிச்சையில் சரி செய்துவிடலாம். அரவிந்த் கண் மருத்துவமனை 1988லிருந்து திருநெல்வேலியில் இருக்கிறது. ஹைகிரவுண்டில் அரசு மருத்துவமனையும் இருக்கிறது. சர்க்கரை உள்ளவர் வருடத்துக்கு ஒருமுறை விழித்திரையைக் காட்டியே ஆகவேண்டும். கண்ணழுத்த நோய் (கிளாக்கோமா) வலி இல்லாமல் ஓரப்பார்வையைத் தின்னும். ‘படிக்கட்டுத் தெரியல, பக்கத்துல வந்தவன் தெரியல’ என்பதெல்லாம் அதன் பேச்சு. போனது திரும்பாது; இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம்.

சிகிச்சைக்குப் பிறகும் குறை மிஞ்சினால், ‘லோ விஷன்’ பிரிவு இருக்கிறதா என்று கேளுங்கள். உருப்பெருக்கி, சரியான விளக்கு, படி விளிம்பில் ஒரு மஞ்சள் பட்டை போன்றவை ஒரு லட்ச ரூபாய்க் கண்ணாடி செய்யாததைச் செய்யும்.

ஆர்.பி. குடும்பத்தில் ஓடுகிறதென்றால் இன்னொன்று. அக்கா மகள், மாமன் மகள் என்று சொந்தத்துக்குள் கட்டும்போது, இரண்டு பக்கமும் ஒளிந்திருக்கும் ஒரே மரபணுக் குறை பிள்ளையிடம் சேரும் வாய்ப்புக் கூடுகிறது. என் அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள். அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

சர்டிபிகேட், உதவித்தொகை, இலவசக் கருவி இதெல்லாம்?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன்படி, கண்ணாடி போட்ட பின்னும் நல்ல கண்ணில் பார்வை 3/60க்குக் கீழே இருந்தாலோ (மற்றவர் 60 மீட்டரில் பார்ப்பதை 3 மீட்டரில்கூடப் பார்க்க முடியாத நிலை) பார்வைப் பரப்பு 10 டிகிரிக்குள் சுருங்கியிருந்தாலோ பார்வையின்மை. நேரே பார்க்கத் தெரிந்தும் பரப்பு சுருங்கிப்போன ஆர்.பி.காரர்கள் இதை அறியாமல் வருடக்கணக்கில் சும்மா இருக்கிறார்கள். சலுகைகளுக்குக் குறைபாடு 40 சதவீதமாவது இருக்கவேண்டும். அரசு மருத்துவரின் சான்று, அதை வைத்து மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யு.டி.ஐ.டி., பிறகு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். மடக்குக் கோல் அங்கேயே கேட்கலாம். மத்திய அரசின் அடிப் திட்டத்திலும் கருவிகள் தருகிறார்கள். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்குத் தமிழகம் முழுவதும் 2021 முதல் கட்டணம் இல்லை.

நடக்க எங்க போய்ப் படிக்க?

பாளையங்கோட்டைக்காரர்கள் இதை வெளியூரில் தேடவேண்டியதில்லை. 1890இல் ஆஸ்க்வித் அம்மையார் என்ற மிஷனரி தொடங்கிய பார்வையற்றோர் பள்ளி இங்கேதான் இருக்கிறது. நடு வயதில் கண் போனவர்கள்தான் கூச்சப்படுகிறார்கள். கோலை மடக்கிப் பைக்குள் ஒளித்துக்கொண்டு, மனைவியின் தோளைப் பிடித்தே காலம் தள்ளுகிறார்கள். நானும் நாலு வருடம் அப்படித்தான் இருந்தேன். ‘மொபிலிட்டி’ எனும் கோல் நடைப் பயிற்சி தெரிந்த ஆசிரியர் ஒருவரிடம் சில வாரம் தெருவில் இறங்கி நடந்தால் போதும். வீடியோ பார்த்து இது வராது.

வழிகாட்டி நாய்?

நம் தெருநாய்கள் சம்மதிக்கவேண்டுமே.

ரோட்டுல உங்களைப் பார்த்தா நாங்க என்ன செய்யணும்?

முதலில் கேளுங்கள். ‘வேணும்’ என்றால் உங்கள் முழங்கையை நான் பிடித்துக்கொள்கிறேன்; நீங்கள் அரை அடி முன்னால் நடந்தால், படி ஏறுவதும் இறங்குவதும் உங்கள் கை வழியாகவே எனக்குத் தெரிந்துவிடும். என் கோலைப் பிடித்து இழுக்காதீர்கள். யாராவது உங்கள் கண்ணைப் பிடித்து இழுத்தால் எப்படி இருக்கும்? வழி கேட்டால் “அந்தா, அங்ஙனதான்” என்று கையை நீட்டுவது நம் மாவட்டத்துக்கே உரிய பழக்கம். எனக்கு அங்ஙனயும் இங்ஙனயும் ஒன்றுதான். “வலது பக்கம், இருபது எட்டு” என்று சொல்லுங்கள். ரோட்டின் நடுவில் விட்டுவிட்டு “வாரேன் அண்ணாச்சி” என்று போய்விடாதீர்கள். மறுகரையில் கல்லைத் தொட்டபின் போங்கள்.

தெனமும் வெளிய போகும்போது என்னெல்லாம் எடுத்துக்கிட்டுப் போவீங்க?

கோல், மாற்று நுனி ஒன்று (தேய்ந்தால் சத்தம் மாறிவிடும்), போன், எலும்புவழி ஹெட்போன். தெரியாத இடம் என்றால் அதிரும் பெட்டியும். பகலிலும் ஒரு சின்ன விளக்குச் சட்டைப்பையில் கிடக்கும்; பொழுது சாய்ந்ததும் அதை எரியவிடுவது வண்டிக்காரர்கள் என்னைப் பார்க்க.

ஐப்பசி, கார்த்திகை மழையில் குடை மட்டும் எடுப்பதில்லை. கோலுக்கு ஒரு கை, குடைக்கு ஒரு கை என்று சமாளித்துவிடலாம்தான். ஆனால் குடைத் துணியில் மழை விழும் சத்தத்தில் தெரு மொத்தமும் மறைந்துபோகும். அதனால் நனைந்துகொண்டே வருவேன்.